வாக்கி டாக்கில "ரோஜர்"னு சொல்லி மாட்டிக்கிட்ட அனுபவம் இருக்கா? இங்க கொட்டுங்க

கேட்காவலன்:
நானே ஆரம்பிக்கிறேன். ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு வாலண்டியரா போயிருந்தேன். கையில ஒரு வாக்கிய திணிச்சு "பட்டன அமுக்கினா பேசு, விட்டா கேளு, அவ்ளோதான்"னு சொல்லிட்டு போயிட்டாங்க. எனக்கு பின்பக்க கேட்டு. வெளிய ஐநூறு பேர் நிக்கிறாங்க, உள்ள ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்துக்கிட்டு இருக்கு, அது எனக்குத் தெரியாது. கன்ட்ரோல்ல இருந்து ஒரு குரல், "பின் கேட்ட இப்ப தொறக்க" அப்புறம் கர்ர்ர். நான் ரொம்ப ஸ்டைலா "ரோஜர்"னு சொல்லிட்டு கேட்ட தொறந்துட்டேன்.

அவர் சொன்னது "தொறக்க வேணாம்". வேணாம் வர்றதுக்குள்ள பட்டன்ல இருந்து விரல எடுத்துட்டாரு. நான் ரோஜர்னதும் சரி புரிஞ்சுக்கிட்டான்னு அவரும் நிம்மதியா அடுத்த வேலைய பாக்க போயிட்டாரு. லாரிக்காரர் கண்ணாடில பாத்து பிரேக் போட்டதால ஒண்ணும் ஆகல. அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன், தமிழ்ல "இல்ல", "வேணாம்", "கூடாது" எல்லாமே வாக்கியத்தோட வால்ல தான உக்காந்திருக்கு, வாக்கி வெட்டுறதும் அதே வாலத்தான். உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா?

நைட்ஷிப்ட்:
வாங்க வாங்க, இதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன், பதினோரு வருஷமா கன்ட்ரோல் ரூம். மொதல்ல ரோஜர் பத்தி. ரோஜர்னா "நீ பேசினது முழுசா எனக்கு வந்துருச்சு"ன்னு மட்டும்தான் அர்த்தம். சரிங்கறதும் இல்ல, செய்யறேங்கறதும் இல்ல. ரிசீவ்டுங்கறதோட மொத எழுத்து ஆர், ரேடியோல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வார்த்தை வச்சு சொல்ற பழைய வரிசையில ஆருக்கு ரோஜர்னு பேரு, 1956ல வந்த இப்ப இருக்கற வரிசையில அது ரோமியோ ஆயிருச்சு ஆனா ரோஜர் மட்டும் போகாம நின்னுக்கிச்சு. செய்யறேன்னு சொல்லணும்னா வில்கோ, வில் காம்ப்ளைங்கறத சுருக்கினது. ஆமான்னா அஃபர்மேட்டிவ், இல்லன்னா நெகட்டிவ். படம் பாத்துட்டு வர்ற பசங்க "ரோஜர் வில்கோ"ன்னு சேத்து அடிப்பாங்க, வில்கோவுக்குள்ளயே ரோஜர் இருக்குடா தம்பின்னு சொன்னா முறைப்பாங்க. "ஓவர் அண்ட் அவுட்"டும் அதே கதைதான், ஓவர்னா நான் முடிச்சேன் நீ பேசு, அவுட்னா பேச்சு முடிஞ்சுது பதில் வேணாம், ரெண்டையும் சேத்து சொன்னா உக்கார சொல்லிட்டு நாற்காலிய உருவுற மாதிரி.

உங்க கேட் மேட்டருக்கு மருந்து நெகட்டிவ்தான். அது வாக்கியத்தோட தலையில வருது பாருங்க. "நெகட்டிவ், பின் கேட் தொறக்க வேணாம்." வால் போனாலும் தலை மிஞ்சும். அப்புறம் நீங்க வெறும் ரோஜர் சொல்லாம கேட்டத அப்படியே திருப்பி "பின் கேட் தொறக்கறேன்"னு சொல்லியிருந்தா அவர் அங்கேயே கத்தியிருப்பாரு.

சிக்னல்மேன்:
நைட்ஷிப்ட் அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன், தலையும் வெட்டுப்படும். நான் கிரேனுக்கு கீழ நின்னு சொல்ற ஆளு. பட்டன அமுக்கின அதே நொடி பேச ஆரம்பிச்சா மொத அசை போகாது, நடுவுல ரிப்பீட்டர் இருந்தா இன்னும் மோசம், அது முழிச்சு நம்ம சத்தத்த வாங்கி திருப்பி அனுப்ப கொஞ்சம் நேரம் எடுக்கும். அமுக்கிட்டு ஒரு மூச்சு விட்டுட்டுதான் பேசணும்.

நான் சேந்த புதுசுல எங்க சைட்ல "ஏத்து", "எறக்கு", "நிறுத்து" மூணு வார்த்தை. இப்ப தலைய வெட்டிட்டு சொல்லிப் பாருங்க. ஏத்துவும் "த்து", நிறுத்துவும் "த்து". ஒரு நாள் ஒரு கட்டு கம்பி ஆள் உயரத்துக்கு மேல தொங்குது, நான் பதட்டத்துல நிறுத்துன்னு கத்துறேன், கேபின்ல இருக்கறவருக்கு த்துன்னு மட்டும் கேட்டு அவர் ஏத்துறாரு. மேல போனதால தப்பிச்சோம், அவரு எறக்கியிருந்தா நான் இத டைப் பண்ணிக்கிட்டு இருக்க மாட்டேன். அதுக்கப்புறம் நிறுத்தறதுக்கு ஸ்டாப் மட்டும்தான், அதையும் மூணு தடவ, வேற எதுக்கும் அந்த வார்த்தைய தொடக்கூடாது. "ஸ்டாப் பண்ணிடாத"ன்னு விளையாட்டுக்கு கூட சொல்லக்கூடாது.

இன்னொண்ணு, எறக்கும்போது நான் வாய மூடவே மாட்டேன். "எறக்கு, எறக்கு, எறக்கு, மெதுவா, ரெண்டு அடி, ஒரு அடி"ன்னு போய்க்கிட்டே இருக்கும். என் குரல் நின்னா அவர் கை நின்னுரணும், அதுதான் எங்க ஒப்பந்தம். பேட்டரி செத்தாலும் நான் மயங்கி விழுந்தாலும் சுமை அங்கேயே நிக்கும். வாக்கில நான் பேசிக்கிட்டு இருக்கும்போது அவர் குறுக்க பேசினா எனக்கு கேக்காது, அதனால அவருக்கு ஏதாவது சொல்லணும்னா ஹாரன் அடிப்பாரு.

அறிக்கைவாசகி:
குறுக்க பேசினதுன்னதும் எனக்கு ஸ்பெயினோட டெனெரிஃப் தீவுல நடந்த விமான விபத்துதான் ஞாபகம் வருது. என் சொந்த அனுபவம் இல்ல, விமான விபத்து பத்தி தேடித் தேடி படிக்கற பைத்தியம் நான். 1977 மார்ச் 27, பனிமூட்டம், ஓடுபாதையில ரெண்டு 747 விமானம், ஒண்ணு கேஎல்எம் கம்பெனியோடது, இன்னொண்ணு பான் ஆம் கம்பெனியோடது. கேஎல்எம் விமானத்துல இருந்து "நாங்க இப்ப டேக் ஆஃப்ல இருக்கோம்"ங்கற மாதிரி ஒரு வாக்கியம், கிளம்ப தயாரா நிக்கறாங்களா ஓட ஆரம்பிச்சுட்டாங்களான்னு யாருக்கும் பிடிபடாத வாக்கியம். டவர்ல இருந்து "ஓகே"ன்னு ஒரு வார்த்தை, சின்ன இடைவெளி, அப்புறம் "காத்திருங்க, நான் கூப்பிடறேன்". அதே நேரத்துல பான் ஆம் "நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் போய்க்கிட்டிருக்கோம்"னு பேசுது. ரெண்டு பேர் ஒரே அலைவரிசையில ஒரே நேரத்துல பேசினா என்ன ஆகும், கீச்சுன்னு ஒரு சத்தம். கேஎல்எம் காக்பிட்ல தெளிவா விழுந்தது அந்த ஓகே மட்டும்தான். அவங்க ஓட, ரெண்டு விமானமும் மோதி 583 பேர் செத்தாங்க.

அதுக்கப்புறம்தான் டேக் ஆஃப்ங்கற வார்த்தைய கிளம்ப அனுமதி குடுக்கும்போதும் அத ரத்து பண்ணும்போதும் மட்டும் சொல்லணும், மத்த எல்லாத்துக்கும் டிபார்ச்சர்னு சொல்லணும்னு ஆச்சு. சிக்னல்மேன் அவர் சைட்ல ஸ்டாப்ப ஒதுக்கி வச்சிருக்காரே, அதே வழிதான்.

புதுவரவு:
அண்ணாக்களா அக்காக்களா ஒரு டவுட்டு. எங்க வாக்கில பிரைவசி கோடுன்னு ஒண்ணு இருக்கு, அத போட்டா வேற யாருக்கும் கேக்காதாமே? நாங்க அத நம்பி சூப்பர்வைசர் பத்தி நெறைய பேசிட்டோம்.

ஹாம்கிறுக்கன்:
புதுவரவு தம்பி, வேற வேலை தேடிக்கோ 😂 அந்த கோடு பூட்டு இல்லப்பா. நீ பேசும்போது உன் குரலுக்கு அடியில காதுக்கு கேக்காத மாதிரி ஒரு சன்னமான டோன் போகும், அந்த டோன் இல்லாத பேச்ச உன் வாக்கி ஸ்பீக்கருக்கு விடாது, அவ்ளோதான். அதாவது மத்தவங்க பேசறது உனக்கு கேக்காம இருக்கறதுக்கு, நீ பேசறது மத்தவங்களுக்கு கேக்காம இருக்கறதுக்கு இல்ல. கோடே போடாத வாக்கி எல்லாத்துலயும் நீ சூப்பர்வைசர திட்டினது கணீர்னு விழுந்திருக்கும். அதனால பேசறதுக்கு முன்னாடி மானிட்டர் பட்டன அமுக்கி சேனல் காலியான்னு பாத்துட்டு பேசு, உன் செட்டு அமைதியா இருக்குங்கறதால சேனல் காலின்னு அர்த்தம் இல்ல.

அப்புறம் "ரிபீட்"னு கேக்காதீங்க, "சே அகெய்ன்"னு கேளுங்க. ராணுவத்துல பீரங்கிக்காரங்ககிட்ட ரிபீட்னா முன்ன சுட்ட இடத்துலயே இன்னொரு தடவ சுடுன்னு அர்த்தம். நாம சுடப்போறதில்ல, ஆனாலும் பழகிக்கறது நல்லதுதான்.

எண்கள்ல நான் வாங்கின அடி தனி. ஒரு தடவ "இருபதாவது மீட்டர்ல நில்லு"ன்னு சொன்னேன், அவன் அறுபதுல போய் நின்னுக்கிட்டு நான் எங்கன்னு தேடுறான். இருபது, அறுபது, எண்பது, ஒன்பது, எல்லாம் ஒரே வால். இப்பல்லாம் "ரெண்டு, சைபர்"னு ஒவ்வொரு இலக்கமா சொல்றேன். இங்கிலீஷ்லயும் ஃபைவ்வும் நைனும் கொழம்பும்னுதான் ஃபைஃப், நைனர்னு மாத்தி வச்சிருக்கான்.

மஞ்சள்ஜாக்கெட்:
என் கதை சின்னது. வாக்கிய பைக்குள்ள போட்டுக்கிட்டு நடந்தேன், பட்டன் ஏதோ மேல அமுங்கிருச்சு. எல்லாரும் என்ன கூப்பிடுறாங்க, "மைக்க விடுங்க, மைக்க விடுங்க"ன்னு. எனக்கு எப்படி கேக்கும், பட்டன் அமுங்கியிருக்கற வரைக்கும் என் செட்டுக்கு காது கிடையாதே. நான் பாட்டுக்கு பாடிக்கிட்டே போறேன். கடைசியில ஒருத்தர் ஓடி வந்து தோள்ல தட்டினாரு. அடுத்த நாளே எல்லா செட்லயும் டைம் அவுட் டைமர் போட்டுட்டாங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல அமுக்கினா தானா கட் ஆயிரும். அதுக்கு என் பேர வச்சு கூப்பிடறாங்கங்கறது வேற விஷயம்.

சிக்னல்மேன்:
மஞ்சள்ஜாக்கெட் மேடம், பாட்டாவது நல்லா இருந்துச்சா 😄 கேட்காவலன் தம்பி, அந்த கன்ட்ரோல் ஆளு அப்புறம் என்னதான் சொன்னாரு?

கேட்காவலன்:
திட்டல அண்ணா, "நீ ரோஜர்னு சொன்னியேப்பா"ன்னு மட்டும் கேட்டாரு, நானும் "நீங்க தொறக்கன்னுதானே சொன்னீங்க"ன்னேன், ரெண்டு பேரும் சும்மா நின்னோம். அவர் தப்பான ஆளு இல்ல, வேகம். கடைசி வார்த்தை வாயில இருக்கும்போதே விரல் எழுந்துரும். இப்பவும் ஒண்ணா வேலை பாக்கறோம், நாளைக்கு ஆறு மணிக்கு வர முடியுமான்னு வாக்கில கேட்டா "வர முடி"ங்கற வரைக்கும்தான் கேக்குது, முடியுமா முடியாதான்னு இன்னொரு தடவ கேட்டு எழுதி வச்சுக்கறேன்.