தாலி கட்டும் நொடியில் படத்தில் விழுந்தது சித்தப்பா முதுகு. எங்கே நிற்பது?

கும்பகோணம்_கிளிக்:
வணக்கம் அண்ணன்மாரே. ஆடி மாதம், வேலை இல்லை, மனசு மட்டும் வைகாசியிலேயே நிற்கிறது. இரண்டு வருடம் ஒரு அண்ணனிடம் லைட் பிடித்து, அப்புறம் இரண்டாவது கேமராவாக ஓடிவிட்டு, போன வைகாசியில்தான் முதல் தடவையாகத் தனியாக ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டேன். வரவேற்பு, நலங்கு எல்லாம் நன்றாகவே வந்தது. காலை 6 மணி முகூர்த்தம். ஐயர் "கெட்டிமேளம்" என்று சொன்னதுதான் தெரியும், மேடையில் இருந்த சித்தப்பா ஒருவர் மொபைலைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். எனக்குக் கிடைத்தது அவர் சட்டை முதுகு, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் கயிறு. வீடியோ எடுத்தவரிடம் கெஞ்சி ஒரு பிரேமை வாங்கி ஆல்பத்தில் போட்டேன். பெண்ணின் அம்மா திட்டவில்லை, "இந்த ஒண்ணு மட்டும் ஏன் தம்பி மங்கலா இருக்கு" என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆவணியில் அடுத்த கல்யாணம். எங்கே நிற்பது? அப்புறம் மேடைப் படங்களில் குறுக்கே கறுப்புக் கோடு கோடாக விழுகிறது, அது ஏன்? ஆல்பம் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பாக்கி 15,000 வரவில்லை, அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

மணவறை_மதுரை:
தம்பி, அந்தப் படம் கேமராவில் கிடைப்பதில்லை, முந்தின நாள் ராத்திரிப் பேச்சில் கிடைக்கிறது. நான் மண்டபத்துக்குள் போனதும் முதலில் தேடுவது ஐயரைத்தான். "சாமி, மேளக்காரருக்குக் கை காட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு பார்வை பார்த்துடுங்க" என்று சொல்லி வைப்பேன், பெரும்பாலும் பார்ப்பார்கள். அடுத்தது வீடியோக்காரர். அவர் பின்னால் உயரத்தில், நான் முன்னால் முட்டி போட்டு, இதை முதலிலேயே பேசிக்கொண்டால் இரண்டு பேர் படத்திலும் மற்றவர் தலை இருக்காது.

இடம் என்று கேட்டால், மாப்பிள்ளை எந்தப் பக்கத்தில் இருந்து கட்டுகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம், தரையோடு தரையாக. அவர் பக்கம் நின்றால் அவருடைய முழங்கை பெண்ணின் முகத்தை மறைத்துவிடும். அந்த நேரத்தில் தூரத்தை இழுக்கும் 70-200 லென்ஸை மாட்டிக்கொண்டு தூரத்தில் நின்றாய் என்றால் நீ சொன்ன முதுகுதான். கிட்ட நின்று எடுக்கும் 24-70 லென்ஸ் போதும், நெரிசலில் நீயும் உள்ளே இருக்க வேண்டும். முதல் முடிச்சு விழுந்ததும் எழுந்துவிடாதே, பின்னால் நாத்தனார் மற்ற முடிச்சுகளைப் போடும்போதுதான் பெண் நிமிர்ந்து தன் அம்மாவைத் தேடுவாள். எனக்கு அந்தப் படம்தான் பெரிது. அட்சதை சட்டைக் காலருக்குள் விழும், விழட்டும்.

மொபைல் சித்தப்பாக்களை நீ அதட்டாதே. மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல், அவர் ஒரு குரல் கொடுத்தால் மேடையே உட்காரும்.

லென்ஸ்_துடைப்பான்:
கோடு விழுவதற்குக் காரணம் மேடை எல்.இ.டி. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். நீங்கள் சத்தம் வரக்கூடாது என்று சைலண்ட் ஷட்டரில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்திவிட்டு சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டரில் வேகத்தை 1/100 நொடி வைத்துப் பாருங்கள். மலிவான கலர் விளக்குகள் வேறு கணக்கில் சிமிட்டும், அவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது, முகூர்த்த நேரத்தில் அந்த ஊதா விளக்கை அணைக்கச் சொல்வதுதான் ஒரே வழி. ஓமப் புகைக்கு நேராக ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், படம் முழுக்கப் பால் ஊற்றினது மாதிரி இருக்கும். இரண்டு மெமரி கார்டு போடும் கேமராவாக இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வையுங்கள். ஒரு கார்டு போன கதை என்னிடம் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

உறையூர்_மருமகள்:
நான் போட்டோகிராபர் இல்லை, ஆல்பத்தைப் பார்த்து அழுத பெண். எல்லோரும் தாலிப் படத்தையே பேசுகிறீர்கள். எங்கள் ஆல்பத்தில் அது அருமையாக இருக்கிறது. ஆனால் என்னை வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். கேட்டால் "எல்லாரும் கலராத்தான் கேப்பாங்க சிஸ்டர்" என்கிறார். நான் கேட்கவில்லையே. அதைவிடப் பெரிய சண்டை, சீர் கொண்டு வந்து மாலை போட்ட என் தாய்மாமன் ஒரு பக்கத்தில்கூட இல்லை. கேண்டிட், அதாவது போஸ் இல்லாமல் இயல்பாக, எடுக்கிறேன் என்று வெளியே பூவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாராம். மாமா இன்றைக்கும் அந்த ஆல்பத்தைத் திறக்க மாட்டார். முந்தின நாளே யார் யார் முக்கியம் என்று எங்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. இன்னொன்று, எங்களைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள்.

மணவறை_மதுரை:
அம்மா சொன்ன கடைசி விஷயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். நிறையப் பேர் படம் எடுத்தவனுக்குத்தான் சொந்தம் என்று நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால் உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட ஆசை இருந்தால் முன்பணம் வாங்கும்போதே ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. பாக்கியையும் அதே தாளில் எழுது: பாதி முன்பணம், முகூர்த்தத்தன்று சாப்பாட்டுக்கு முன்னால் பெரும் பகுதி, மிச்சம் ஆல்பம் கையில் கொடுக்கும்போது. ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுப் பாக்கி கேட்டால் அவர்கள் மறுவீட்டு விருந்தில் இருப்பார்கள், நீ வாசலில் இருப்பாய். இந்த 15,000க்கு நேரில் போ, போனில் கேட்காதே. அந்தப் பெண்ணின் அம்மா நல்லவராகத் தெரிகிறார்.

லென்ஸ்_துடைப்பான்:
சாப்பாட்டுக்கு முன்னாலா? அண்ணா, அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா சமையல்காரர், மேளம், மண்டபம் என்று எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் நிற்க எனக்கு மனசு வராது. நான் வரவேற்பு அன்று மாலையே வாங்கிவிடுவேன்.

கும்பகோணம்_கிளிக்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, தாள் ரெடி, முதல் வரி தாய்மாமன். சைலண்ட் ஷட்டர் விஷயம் உண்மைதான், அதில்தான் வைத்திருந்தேன். நேற்று நேரில் போய் 10,000 வாங்கிவிட்டேன், காபியும் கொடுத்தார்கள். ஆவணிக் கல்யாணத்து ஐயரிடமும் பேசினேன். "கை காட்டுறேன்ப்பா, ஆனா நீ என் பஞ்சாங்கத்து மேல முட்டி போடாம இரு, போன தடவை ஒருத்தன் கிழிச்சுட்டான்" என்றார்.