மறு: மறு: 18ஆம் தொகுதி – மந்த வாயுவா, விழுமிய வாயுவா, ஒட்டாவளியா?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சித்தாள் அச்சுக்குப் போக வேண்டும். கார உலோகங்கள், ஹாலஜன்கள் எல்லாம் முடித்துவிட்டேன். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் இருக்கும் தனிம அட்டவணையின் கடைசித் தொகுதியில் வந்து நிற்கிறேன். எதனோடும் எளிதில் வினைபுரியாத இந்த வாயுக்களுக்குத் தமிழில் எந்தப் பெயரைப் போடுவது என்பதுதான் கேள்வி.

> பாடநூலில் மந்த வாயு என்று இருக்கிறதே அக்கா, அதையே போட்டால் என்ன?

தம்பி, போன வாரம் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி "மந்த வாயுக்கள் மெதுவாக வினைபுரியும்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடிக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன். சோறு செரிக்காவிட்டால் வயிறு மந்தமாக இருக்கிறது என்கிறோம். செரிமானம் நிற்கவில்லை, மெல்ல நடக்கிறது என்றுதானே அதற்குப் பொருள்? தனக்குத் தெரிந்த தமிழில் அவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்தச் சொல்லைக் கொடுத்தது நாம்.

மந்தத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்த வாயுவுக்கு ஆர்கான் என்று பெயரிட்டார்கள். வேலை செய்யாத, சோம்பலான என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. அந்த ஒரு தனிமத்துக்கு மந்தம் பொருந்தும். தொகுதி முழுவதற்கும் அதை நீட்டினால்தான் இடிக்கிறது.

அரிய வாயு என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன். நாம் விடும் மூச்சுக்காற்றைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காடுதான். ஆர்கான் 0.93 விழுக்காடு. இருபது மடங்குக்கும் மேல் இருப்பதை எப்படி அரியது என்பது?

> மந்தமும் வடசொல், வாயுவும் வடசொல். ஒட்டாவளி என்க. எதனோடும் ஒட்டாத வளி. ஓடாக் குதிரை போல் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் பழுதற்றது.

கோவை ஐயா, படித்ததும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டு நாள் அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் காட்டிய இலக்கணமே அதற்கு எதிராக நிற்கிறது. ஓடாக் குதிரை நேற்றும் ஓடவில்லை, இன்றும் ஓடவில்லை, நாளையும் ஓடாது. எதிர்மறைப் பெயரெச்சம் மூன்று காலத்துக்கும் பொது என்று நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒட்டாவளி என்றைக்கும் ஒட்டக் கூடாது. 1962இல் ஒட்டிவிட்டதே!

கனடாவில் நீல் பார்ட்லெட் செய்த சோதனை அது. பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதை அவர் முதலில் பார்த்தார். செனானின் அயனியாக்கும் ஆற்றலும் (எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) ஏறக்குறைய ஆக்சிஜன் மூலக்கூறின் அளவுதான். அப்படியென்றால் செனானையும் விடாதே என்று யோசித்து, பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடின் சிவந்த ஆவியையும் நிறமில்லாத செனானையும் கலக்கவிட்டார். உடனே மஞ்சள் திண்மம் படிந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் வேதியியலார் நம்பியிருந்த 'ஒட்டா' அன்றோடு போயிற்று. வகுப்பில் நான் மிகவும் விரும்பிச் சொல்லும் கதை இது. பெயரே ஒட்டாவளி என்றால் இந்தக் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் என்னைத்தான் கேட்பார்கள்.

எல் என்றால் ஒளி, "எல்லே இலக்கம்" என்று தொல்காப்பியமே சொல்கிறது, அதுதான் கிரேக்கத்துக்குப் போய் ஹீலியோஸ் (சூரியன்) ஆனது, எனவே ஹீலியத்தை எல்லியம் என்க என்று வந்த மூன்று மடல்களையும் படித்தேன். எல்லியம் அழகான சொல். ஆனால் ஹீலியோஸ் லத்தீனின் சோல், வடமொழியின் சூரியன் இவற்றோடு உறவுடைய சொல் என்பது நன்கு நிறுவப்பட்டது. 'எல்' என்ற சொல்லை அங்கே கொண்டுபோக வேண்டாம். நமக்கு உறவு வேண்டுமென்றால் வேறு இருக்கிறது: ஹீலியத்தின் கதை தொடங்கும் 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் பார்த்தது அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் இருந்துதான். மற்றதை வேறு தலைப்பில் பேசலாம்.

என் வாக்கு விழுமிய வாயுவுக்கு. விழுமிய என்றால் உயர்ந்த, சிறந்த. ஈழத்து நண்பர்கள் ஏற்கெனவே சொல்லிவரும் சொல் இது. தங்கம் போன்ற உயர்ந்த உலோகங்களை ஒப்பிட்டு வேதியியலாளர் எர்ட்மன் 1898இல் ஜெர்மனில் வைத்த பெயருக்கும் நெருக்கமானது. தங்கம் எளிதில் எதனோடும் சேராது, ஆனாலும் இராச திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரையும். கரைந்ததால் அதன் மதிப்பு குறைந்ததா? செனானும் அப்படித்தான். இந்தப் பெயர் 1962க்குப் பிறகும் நிற்கும்.

> விழுமம் என்றால் துன்பம் அல்லவா? "விழுமந் துடைத்தவர் நட்பு."

உண்மைதான், 107ஆம் குறள். ஆனால் 131ஆம் குறளில் "ஒழுக்கம் விழுப்பம் தரலான்" என்று சிறப்புப் பொருளும் வருகிறது. விழுமிய என்ற வடிவத்தைக் கேட்டு இன்று யாரும் துன்பத்தை நினைப்பதில்லை. பிள்ளைகள் கேள்விப்படாத சொல் என்ற தருமபுரி ஆசிரியரின் தடைதான் எனக்குக் கனமாகப் படுகிறது. மூலக்கூறும் இணைதிறனும் ஒருநாள் கேள்விப்படாத சொற்கள்தான் என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இதுவரை எழுதியவர்களில் நால்வர் மந்தம், இருவர் விழுமியம், ஒருவர் ஒட்டாவளி. தேர்வுத்தாளில் வருவது மந்தம் என்பதால் பயிற்சித்தாளின் தலைப்பில் மந்த வாயு என்றே போடுகிறேன், மனமில்லாமல். கீழே "விழுமிய வாயு என்றும் சொல்வர்; இங்கே மந்தம் என்பது மெதுவாக என்ற பொருளில் அல்ல" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த வரியை யாரும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

கோவை ஐயா, ஒட்டாவளியை நீங்கள் விடவில்லை என்று தெரியும். செனானுக்கு என்ன செய்யலாம் என்று வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.