பிளட் கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றாம் நாள்தான் வருகிறது: பிசிஆர் பேனல் வாங்கினால் தீருமா?

வைகைக்கரை:
இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் தானியங்கி பிளட் கல்ச்சர் மெஷின் இருக்கிறது, கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லும் மால்டி-டாஃப் மெஷின் இல்லை. லேப் காலை 8 முதல் மாலை 5 வரை. பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் (கிருமி வளர்வதை மெஷின் கண்டதும்) பிளேட்டில் சப்கல்ச்சர், மறுநாள் அதில் வளர்ந்த காலனியிலிருந்து ஐடியும் (கிருமியின் பெயர்) சென்சிடிவிட்டியும் (எந்த மருந்து கேட்கும் என்பது), அதற்கும் மறுநாள் ரிப்போர்ட். பல கிருமிகளின் ஜீன்களை ஒரே சோதனையில் தேடும் மல்டிபிளெக்ஸ் பிசிஆர் பேனல் வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. இருக்கிற வசதியிலேயே நேரத்தைக் குறைக்க முடியுமா?

பிளேட்ரீடர்:
முடியும் சார். அந்த வகைப் பேனல் பாசிட்டிவ் ஆன பாட்டிலில்தான் ஓடும். பாட்டில் பாசிட்டிவ் ஆகவே தாமதம் என்றால் அதனால் பயனில்லை. முதலில் மெஷினுக்கு முன்னால் போகும் நேரத்தைப் பாருங்கள்.

மாலை 5-க்குப் பிறகு வரும் பாட்டில்கள் எங்கே இருக்கின்றன? ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துக் காலையில் ஏற்றுவதும் தப்பு: வேகமாக வளரும் கட்டம் ராத்திரியே முடிந்திருந்தால் மெஷினுக்குக் காட்ட மாற்றமே மிச்சமிருக்காது, நெகட்டிவ் என்று விட்டுவிடும். சூடோமோனாஸ் கிருமியில் இது பிரசித்தம். பாட்டிலை ஸ்கேன் செய்து உள்ளே வைக்க மைக்ரோபயாலஜி ஆள் தேவையில்லை. இரவுப் பணி டெக்னீஷியனுக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாம். இரத்தம் எடுத்து 4 மணி நேரத்துக்குள் மெஷினில் இருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மி.லி., குறைந்தது 2 செட் (ஒரு செட் என்றால் ஆக்சிஜன் உள்ள ஏரோபிக் பாட்டில் ஒன்று, ஆக்சிஜன் இல்லாத அனரோபிக் பாட்டில் ஒன்று), வெவ்வேறு இடத்தில் குத்தி. டைஃபாய்டில் 1 மி.லி. இரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருப்பது சகஜம், 3 மி.லி. அனுப்பிவிட்டு நெகட்டிவ் என்று நம்ப முடியாது. அதற்காகப் பாட்டிலின் வெற்றிடம் இழுக்கும்வரை விடவும் கூடாது. இரத்தம் கூடினால் வெள்ளணுக்கள் விடும் கார்பன் டை ஆக்சைடே பொய் பாசிட்டிவ் காட்டும். பட்டர்ஃபிளை ஊசி என்றால் ஏரோபிக் பாட்டில் முதலில், ஏனென்றால் குழாயில் காற்று இருக்கும்.

மெஷின் பாசிட்டிவ் என்று கூப்பிட்டதும் கிராம் ஸ்டெயின் (சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் கிருமியின் வகை பார்ப்பது), ஒரு மணி நேரத்துக்குள் வார்டுக்குப் போன். இது ஒழுங்காக நடக்காத லேபில் பேனல் வாங்குவது வீண்.

டிஸ்க்_டிஃப்யூஷன்:
சென்சிடிவிட்டிக்குக் காலனி வரும்வரை காத்திருக்க வேண்டாம், பாட்டிலிலிருந்தே நேராகப் போடலாம். இரண்டு முறை உண்டு.

ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்டின் முறையில் பாட்டில் திரவம் 125 மைக்ரோலிட்டரை நீர்க்காமல் முல்லர் ஹின்டன் பிளேட்டில் பரப்பி, மருந்து டிஸ்க் வைத்து 4, 6, 8 மணி நேரத்தில் படிப்பார்கள். ஆனால் பிரேக்பாயிண்ட் (டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எவ்வளவு இருந்தால் மருந்து கேட்கும் என்ற எல்லை) இனம் வாரியானது. 4 மணி நேரத்தில் கிருமியின் பெயர் தெரியாவிட்டால் வட்டத்தை அளந்து பயனில்லை. மால்டி இல்லாத உங்களுக்கு இது சிரமம்.

அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் முறை பொருந்தும். கிராம் நெகட்டிவ் பேசிலைக்கு (கிராம் ஸ்டெயினில் சிவப்பாகத் தெரியும் கோல் வடிவக் கிருமிகளுக்கு) மட்டும். பாசிட்டிவ் ஆகி 8 மணி நேரத்துக்குள் 4 சொட்டு எடுத்து பிளேட் முழுக்கப் பரப்பி டிஸ்க் வைத்து, 8–10 மணி நேரத்தில் படிக்கலாம். கூடவே பிளட் அகார், மேக்கான்கி பிளேட்டுகளிலும் போட்டுவிட்டால் அதற்குள் மெல்லிய வளர்ச்சி வந்திருக்கும்; கிருமியை வகை பிரிக்கும் ஆக்சிடேஸ், இண்டோல் சோதனைகள் பார்க்கலாம். என்டரோபாக்டீரியேசியா குடும்பமா, சூடோமோனாஸா, அசினிட்டோபாக்டரா என்று பிரித்தாலே சி.எல்.எஸ்.ஐ. பிரேக்பாயிண்ட் அட்டவணைக்குப் போதும். செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் உட்பட அதில் இருக்கும் மருந்துகளுக்கு மட்டும் ரிப்போர்ட் கொடுங்கள். வட்டத்தின் ஓரம் மங்கலாக இருந்தால் 16–18 மணி நேரம் விடுங்கள், யூகித்து அளக்காதீர்கள். பிளேட்டில் இரண்டு விதக் காலனி தெரிந்தால் அந்த ரிசல்ட்டைத் தூக்கிப்போட்டுத் தனிக் காலனியிலிருந்து மறுபடி போட வேண்டும்.

மெரோபெனம் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதிகளைக் காட்டும் கார்பபெனமேஸ் ஸ்ட்ரிப்பும் வாங்கி வையுங்கள். பாட்டில் திரவத்தைக் கிட்டில் சொன்னபடி சுத்தம் செய்து சொட்டினால் 15 நிமிடத்தில் என்.டி.எம்., ஆக்சா-48, கே.பி.சி. ஆகிய நொதி வகைகள் தெரியும்.

ஐசியு_இரவுப்பணி:
ஸ்ட்ரிப்பை ஆமோதிக்கிறேன். ஆக்சா-48 மட்டும் என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் போதும், என்.டி.எம். கோடும் வந்தால் அந்த மருந்து தனியாக வேலை செய்யாது, அஸ்ட்ரியோனம் சேர்க்க வேண்டும். ஒரு நாள் முன்னால் தெரிவது பெரிய விஷயம்.

பேனல் ஒரு மணி நேரத்தில் பெயர் சொல்லிவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பு ஜீன் இல்லை என்றால் மருந்து கேட்கும் என்று அர்த்தமில்லை. மருந்து உள்ளே நுழையும் போரின் துளைகளின் இழப்பு, மருந்தை உடைக்கும் ஆம்ப்-சி நொதி எல்லாம் அதில் தெரியாது. பாட்டில் திரவத்திலேயே இருக்கும் செத்த கிருமியின் டி.என்.ஏ.வைப் பிடித்துப் பொய் பாசிட்டிவும் தரும், அதனால் கிராம் ஸ்டெயினோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 2015-ல் வெளியான மேயோ கிளினிக் சோதனையில், பேனலோடு ஆன்டிபயாட்டிக் குழு போன் செய்து ஆலோசனை சொன்ன பிரிவில் தேவைக்கு மேல் வீரியமான மருந்தைக் குறைக்க 21 மணி நேரம் ஆனது. பேனல் மட்டும் கொடுத்த பிரிவில் 38, பழைய முறையில் 34. இறப்பு விகிதம் மூன்றிலும் மாறவில்லை. இரவு 2 மணிக்கு ரிசல்ட்டைப் பார்த்து மருந்தை மாற்ற ஆள் இல்லையென்றால் அந்தக் காசை இரவு டெக்னீஷியனுக்குக் கொடுக்கலாம்.

வைகைக்கரை:
நன்றி. இரவில் ஏற்றுவதையும் நேரடி டிஸ்க்கையும் முதலில் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. வார்டில் எவ்வளவு இரத்தம் எடுக்கிறார்கள் என்று எப்படிக் கண்காணிப்பது? கேட்டால் எல்லாரும் 10 மி.லி. என்கிறார்கள்.

பிளேட்ரீடர்:
எடை போடுங்கள். ஒரே தயாரிப்பு லாட்டில் 10 காலிப் பாட்டில்களை மூடியோடு நிறுத்துச் சராசரி எடுங்கள். வரும் பாட்டிலின் எடையிலிருந்து அதைக் கழித்து 1.06-ஆல் வகுத்தால் மி.லி. கிடைக்கும். ஏரோபிக், அனரோபிக் இரண்டின் காலி எடையும் வேறு, லாட் மாறினாலும் மாறும். வார்டு வாரியாகச் சராசரியை மாதாமாதம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்கு அனுப்புங்கள்.