முனைவிழப்புப் புலமா, முனைவெதிர்ப் புலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருளின் முனைவாக்கத்துக்கு, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் எதிரெதிர்ப் பக்கம் விலகி நிற்பதற்கு, நேரெதிராக அதனுள் எழும் மின்புலம்தான் டீபோலரைசேஷன் ஃபீல்டு. அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'முனைவிழப்புப் புலம்' என்று ஏறியிருக்கிறது. அதை 'முனைவெதிர்ப் புலம்' என்று மாற்ற வேண்டுகிறேன்.

கேரள எல்லையில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் மின்காப்புப் பாடத்தைச் சற்றுத் தாண்டி, பட்டியலில் உள்ள சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். "முனைவாக்கம் போயிடுச்சுன்னா இந்தப் புலமும் போயிடுமே சார்?" என்றாள் ஒரு மாணவி. சரியான கேள்வி. முனைவாக்கம் இருக்கும்வரைதான் இந்தப் புலம் இருக்கும்.

தானாகவே முனைவாக்கம் கொள்ளும் பேரியம் டைட்டனேட்டின் மென்படலம் ஒன்று, மேலும் கீழும் மின்முனையாக உலோகத் தகடு. முனைவாக்கம் மேல்நோக்கி இருந்தால் படலத்தின் மேல் முகத்தில் நேர்மின்னூட்டமும் கீழ் முகத்தில் எதிர்மின்னூட்டமும் நிற்கும். இவை கட்டுண்டவை, நகராது. உலோகத்து எலக்ட்ரான்கள் இவற்றை ஈடுகட்டப் பார்க்கின்றன. ஆனால் அந்த ஈட்டு மின்னூட்டம் முகத்தோடு ஒட்டி நிற்பதில்லை. ஆங்ஸ்ட்ராமில் ஒரு பங்கு அளவுக்கு உலோகத்துக்குள் தள்ளிப் பரவுகிறது. அந்த நூலிழை இடைவெளியில் கொஞ்சம் மின்னழுத்தம் விழுகிறது. இரு தகடுகளையும் கம்பியால் இணைத்தாலும் அது போகாது. அதைச் சரிக்கட்டத்தான் படலத்துக்குள் முனைவாக்கத்துக்கு நேரெதிராக ஒரு புலம் எழுகிறது. படலத்தின் தடிமன் எதுவானாலும் விழும் மின்னழுத்தம் ஏறக்குறைய அதேதான் என்பதால், படலம் மெலிய மெலியப் புலம் வலுக்கிறது.

எதிர்ப்பு எப்போதும் உண்டு, இழப்பு எப்போதாவதுதான். ஸ்ட்ரான்சியம் ருதனேட் மின்முனைகளுக்கு இடையே பேரியம் டைட்டனேட் சுமார் ஆறு அலகுக்கூடுகளுக்கு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்தான் அலகுக்கூடு), அதாவது 2.4 நானோமீட்டருக்குக் கீழே மெலிந்தால் முனைவாக்கம் நிலைக்காது என்று இயற்பியலாளர்கள் ஜங்கேராவும் கோசேயும் 2003-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆனால் மின்முனையே இல்லாத லெட் டைட்டனேட் படலம் மூன்று அலகுக்கூடு வரை தாக்குப்பிடித்ததை 2004-ல் கண்டார்கள். அங்கே முனைவாக்கம் மேலும் கீழுமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்துகொண்டது. இதை இழப்பு என்று எப்படிச் சொல்வது?

'முனைவிழப்பு' என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. பேரியம் டைட்டனேட்டைச் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் முனைவாக்கமே போய்விடுகிறது, அதுதான் முனைவிழப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

ஆந்திரத்துக் குப்பத்து நண்பர் 'துருவ எதிர்ப்புலம்' என்கிறார். தெலுங்கில் துருவணம், இங்கே மலையாளத்தில் துருவீகரணம். எல்லைப் பிள்ளைகளின் காதுக்குப் பழகிய வேர்தான். இருந்தாலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முனைவாக்கம் வேரூன்றிவிட்டது. எங்கள் பிள்ளைகள் கோவைப் பக்கம் படிக்கப் போகும்போது கையில் எடுப்பது அந்தப் புத்தகங்களைத்தான். முனைவே இருக்கட்டும்.

உலோகத்து எலக்ட்ரான்கள் முகத்து மின்னூட்டத்தை ஈடுகட்டுவதைக் குறிக்கும் ஸ்க்ரீனிங்குக்கு 'மறைப்பு' வேண்டாம், 'ஈடுகட்டல்' போதும். அப்புறம், மின்முனையை ஒட்டிய டெட் லேயருக்குச் 'செத்த படலம்' என்று போட்டிருப்பதும் உறுத்துகிறது. அங்கே மின்காப்பு மாறிலி குறைவு, அவ்வளவுதான். 'மந்த அடுக்கு' என்று வைக்கலாமா?