'கன்சர்ட்டட் எவல்யூஷன்': ஒத்திசைவா, ஒருபடியா?

குழுவினருக்கு வணக்கம்.

மீன்களின் ரைபோசோம் (செல்லில் புரதம் கட்டும் பொறி) மரபணுக்களைப் பற்றிய பாடப்பகுதிக்காக 'கன்சர்ட்டட் எவல்யூஷன்' (ஒரு மரபணுவின் பல நகல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் சேர்ந்தே மாறிவருவது) என்பதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: கூட்டுப் பரிணாமம், ஒருங்கு பரிணாமம், ஒத்திசைவுப் பரிணாமம். மூன்றும் வேண்டாம் என்பது என் கட்சி. பூவும் தேனீயும் ஒன்றுக்கேற்ப ஒன்று மாறுவதைக் கூட்டுப் பரிணாமம் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். சுறாவும் டால்பினும் தனித்தனி வழியில் வந்து ஒரே உடல்வாகு பெற்றதற்கு 'ஒருங்கு' போய்விட்டது. மிச்சமிருப்பது ஒத்திசைவு. அதைப் படிப்பவருக்குக் கச்சேரிதான் நினைவுக்கு வரும், மரபணு வராது.

நடப்பது என்ன என்று பார்த்துவிட்டுச் சொல் தேடுவோம். ரைபோசோமின் ஆர்என்ஏவைத் தரும் மரபணுக்களில் 18எஸ், 5.8எஸ், 28எஸ் மூன்றும் ஒரே அலகில் இருக்கின்றன. அந்த அலகு நூற்றுக்கணக்கில் வால்பிடித்தாற்போல் வரிசையாக நிற்கிறது. 5எஸ் பெரும்பாலான மீன்களில் வேறு இடத்தில், தனி வரிசையாக இருக்கும். அதன் மரபணு ஏறத்தாழ 120 டிஎன்ஏ எழுத்து. இரண்டு மரபணுக்களுக்கு நடுவே ஓர் இடைத்துண்டு. ஒவ்வொரு படியும் (நகலும்) தன்பாட்டுக்குச் சடுதிமாற்றங்களைச் சேர்த்திருந்தால், ஒரே மீனுக்குள்ளேயே படிகள் ஒன்றுக்கொன்று அந்நியமாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. 1972இல் பிரவுன், வென்சிங்க், ஜோர்டன் மூவரும் இரண்டு ஆப்பிரிக்கத் தவளை இனங்களை ஒப்பிட்டார்கள். இடைத்துண்டு இனத்துக்கு இனம் நன்றாக வேறுபட்டது. ஓர் இனத்துக்குள் எல்லாப் படியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதாவது, படிகள் ஒன்றையொன்று தமக்குள் சரிக்கட்டிக்கொண்டே வந்திருக்கின்றன.

ஆகவே 'ஒருபடிப் பரிணாமம்' என்று முன்மொழிகிறேன். 'ஒருபடித்தான' என்றால் ஒரே தன்மையான. 'படி' என்றால் நகல். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. படிகளை ஒன்றாக்கும் செயலுக்கு 'ஒருபடியாக்கம்'.

'அச்சுப் பரிணாமம்' என்றும் ஒரு யோசனை வந்தது. ஆத்தங்குடிக் கல்லை (கையால் செய்யும் தரை ஓடு) வைத்துப் பார்த்தால் அது ஏன் ஒத்துவராது என்று தெரியும். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளில் சாயச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணல்-சிமெண்டைப் போட்டு அடைக்கிறார்கள். அச்சின் இதழ் ஒன்று நெளிந்தால் அதற்குப் பிறகு வரும் எல்லாக் கல்லிலும் அந்த நெளிவு இருக்கும். ரைபோசோம் வரிசைக்கு வெளியே அப்படி ஓர் அச்சு கிடையாது. ஒரு கல் பக்கத்துக் கல்லைப் பார்த்துத் தன் பூவை மாற்றிக்கொள்கிற கதை இது.

ஒரே அலகு அடுத்தடுத்துத் திரும்ப வரும் 'டேண்டம் ரிப்பீட்' என்பதற்கு 'அடுக்கு' போதும். 'இரட்டைக்கிளவி' போல என்று ஒருவர் எழுதியிருந்தார்; பொருந்தாது. சலசல என்பதைப் பிரித்தால் 'சல'வுக்குப் பொருளில்லை. 'பாம்பு பாம்பு' அடுக்குத்தொடர், பிரித்தாலும் பாம்புதான். ரைபோசோம் அலகும் ஒன்றைத் தனியே எடுத்தாலும் வேலை செய்யக்கூடியது.

— காரைக்குடியிலிருந்து

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. ஆனால் மீனில் 5எஸ் இந்தச் சொல்லுக்குள் அடங்காது. பல மீன்களில் இரண்டு வகை 5எஸ் அடுக்குகள் உண்டு, ஒன்றில் இடைத்துண்டு குட்டை, மற்றதில் நெட்டை. ஒவ்வொரு வகையும் தனக்குள் ஒருபடிதான், ஆனால் இரண்டும் கலப்பதில்லை. வரிக்குதிரை மீனில் முட்டைக்குள் தாய் சேர்த்துவைக்கும் ரைபோசோம் ஆர்என்ஏ ஒரு வகை, வளரும் உடல் செய்வது இன்னொரு வகை. 18எஸ் முதலிய மூன்றும் சேர்ந்த 45எஸ் அடுக்கில் தாய்வகை 4ஆம் குரோமோசோமில், உடல்வகை 5ஆம் குரோமோசோமில். ஐரோப்பியப் பைக் மீனில் 5எஸ் 20,000 படிகளுக்கு மேல் பெருகி, 50 குரோமோசோம்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றின் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்பு) பக்கம் பரவிக் கிடக்கிறது. ஸ்டர்ஜன் மீனில் 18எஸ்ஸே ஒரே உடலுக்குள் பலவிதமாக இருக்கிறது. இங்கெல்லாம் படிகள் பெருகுகின்றன, சில நிலைக்கின்றன, சில பழுதாகிப் போலி மரபணுவாகக் கிடந்து மறைகின்றன. இதைத்தான் பரிணாம ஆய்வாளர் மசதோஷி நெய் 'பர்த் அண்ட் டெத்' என்றார்.

இன்னொரு குழப்பமும் வரும். 120 எழுத்து மரபணு ஒரேபோல் இருப்பது ஒருபடியாக்கத்தால் மட்டும் அல்ல. கெட்டுப்போன படியைக் களையெடுக்கும் இயற்கைத் தேர்வும் அதையே செய்யும். ஆகவே இடைத்துண்டைப் பார்க்காமல் ஒருபடி என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

பார்க்கும் முறையைப் பாடத்திலேயே போட்டுவிடலாம். பிசிஆர் (டிஎன்ஏவைச் சுழற்சி சுழற்சியாக நகலெடுத்துப் பெருக்கும் முறை) செய்ய, நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் இரண்டு ப்ரைமர்களையும் 5எஸ் மரபணுவுக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி வெளிப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். அலகு 200 எழுத்தானால், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 200, 400, 600 என்று ஏணிப்படிபோல் பட்டைகள் வரும். 900இல் ஒன்று தனியாக நின்றால் அது இரண்டாம் வகையாக இருக்கலாம். பிசிஆர் குட்டையைத்தான் முதலில் பெருக்கும். நீட்டும் நேரம் குறைந்தால் நெட்டை வகை கண்ணிலேயே படாது, மாணவர் 'ஒரே வகை' என்று எழுதிவிடுவார். சுழற்சியை 35க்கு ஏற்றினால் பாதி நீண்ட துண்டு அடுத்த சுழற்சியில் வேறு படியோடு ஒட்டி, மீனில் இல்லாத கலப்புப் படி உருவாகும். 25 சுழற்சி போதும். பட்டையின் எழுத்துகளை நேரே படித்தால் வரைபடத்தில் பல படிகளின் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், ஒவ்வொரு துண்டையும் தனியே பிரித்துப் பெருக்கி, அதாவது குளோன் செய்துதான் படிக்க வேண்டும். ஒரே ஒரு குளோனில் மட்டும் வரும் மாற்றத்தை நகலெடுக்கும் என்சைமின் பிழை என்று ஒதுக்கி வையுங்கள்.

முழு மரபணுத்தொகுதியை நம்பிப் போனாலும் பள்ளம் உண்டு. குறுந்துண்டுகளை ஒட்டும் மென்பொருள் நூறு படியையும் ஒன்றாக மடித்துவிடும். எண்ணிக்கை வேண்டுமானால் ஆழத்தைப் பாருங்கள்: ஒற்றைப்படி மரபணு 40 தடவையும் 18எஸ் 12,000 தடவையும் படிக்கப்பட்டிருந்தால் ஏறத்தாழ 300 படி.

— தேவகோட்டையிலிருந்து

ஆச்சிக்கு வணக்கம்.

ஏற்கிறேன். ஒரு சொல்லால் இரண்டையும் மூட முடியாது. 'பர்த் அண்ட் டெத்'துக்குப் 'பிறப்பிறப்புப் பரிணாமம்' என்று போட்டால் நம் ஊரில் சைவ சித்தாந்தக் கட்டுரை என்றுதான் எடுப்பார்கள். 'கிளைத்துதிர் பரிணாமம்' என்கிறேன்: கிளைக்கும், உதிரும், சில கிளை நிற்கும். நீங்கள் சொன்ன இருவகை 5எஸ்ஸை 'வகைக்குள் ஒருபடி, வகைகளுக்கிடையே கிளைத்துதிர்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

பெருகிப் பிரிந்த மரபணுக்களை ஒன்றுக்கொன்று 'பங்காளி' என்று சொல்லலாமா? ஒரே மூதாதையிலிருந்து வந்து, ஒரே வீட்டுக்குள் தனித்தனி அடுப்பு வைத்தவை. 'பாரலாக்' என்பதற்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. படிகளின் எண்ணிக்கைக்கு, குடும்பங்களை எண்ணும் கோயில் கணக்கு வழக்கப்படி 'புள்ளி' என்று வைக்க ஆசைதான், ஆனால் வரைபடத்தில் ஏற்கெனவே வேறு புள்ளி இருக்கிறது; விட்டுவிடுவோம்.

கருவிச் சொற்கள் இரண்டு. 'அனீக்வல் கிராசிங் ஓவர்': 'சமனில் குறுக்கேற்றம்' (சமன் இல்லாதது). இரண்டு அடுக்குகள் ஓரலகு தள்ளிப் பொருந்தி, துண்டுகளை வெட்டி மாற்றிக்கொண்டால் ஒன்றுக்கு ஓரலகு கூடும், மற்றதற்குக் குறையும். இப்படிப் பல தலைமுறை நடந்தால் ஒரு மாற்றம் தற்செயலாகவே அடுக்கு முழுக்கப் பரவும், அல்லது காணாமல் போகும். இரண்டாவது 'ஜீன் கன்வர்ஷன்'. இதை 'மரபணு மாற்றம்' என்று யாரும் எழுதிவிட வேண்டாம், மரபணு மாற்றப் பயிர் விவகாரத்தில் போய் நிற்கும். ஒரு படியின் எழுத்து மற்றப் படியின் எழுத்தின் மேல் பதிந்துவிடுவதால் 'மரபணு மேலெழுத்து'. இதில் படிகளின் எண்ணிக்கை மாறாது. முன்னதற்கும் இதற்கும் அதுதான் வேறுபாடு.

'ஒருபடி'யை 'ஒரு படி' என்று பிரித்து அச்சிட்டால் 'ஒரு படி மேலே' என்று பொருள் போய்விடும். மெய்ப்பு பார்ப்பவர் சேர்த்தே எழுத வேண்டும். மறுப்பு இருப்பவர்கள் இந்த இழையிலேயே சொல்லுங்கள்; சொற்பட்டியலில் இவற்றை இன்னும் ஏற்றவில்லை.

— காரைக்குடியிலிருந்து