மாத்திரை எண்ணிக்கை சரி, வைரல் லோடு மட்டும் இறங்கல: எங்கே பார்க்கணும்?

புதுக்கவுன்சலர்

வணக்கம். ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் இடம்) கவுன்சலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். டி.எல்.டி. (டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை) போடுகிறவர்களில் சிலருக்கு மாத்திரை எண்ணிக்கை துல்லியமாக இருக்கிறது, பச்சைப் புத்தகத்தில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவேடு) ஒரு தேதிகூடத் தவறவில்லை. ஆனால் வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸ் அளவு) 1000-க்கு மேலே நிற்கிறது. "தவறாம போடுறீங்களா?" என்றால் எல்லாரும் "ஆமாங்க" என்கிறார்கள். மருந்து கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்வதா, அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

வைகைக்கரை

மருந்து தோற்றுவிட்டது என்பதைக் கடைசியில் வையுங்கள். டி.எல்.டி.யில் இருக்கும் டொலுடெகிராவிருக்கு எதிராக வைரஸ் லேசில் பழகிவிடாது. ஆகவே முதல் சந்தேகம் இரண்டுதான்: மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை, அல்லது போயும் உடம்பில் சேரவில்லை.

"தவறாம போடுறீங்களா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு "ஆமாங்க" தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. "தினமும் போடுறது எல்லாருக்கும் சிரமந்தான். போன வாரத்துல எந்தெந்த நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். பிறகு நேற்றைய நாளை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்: எத்தனை மணிக்குப் போட்டார், டப்பா எங்கே இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், எதோடு விழுங்கினார். நிஜமாகப் போடுகிறவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

எண்ணிக்கையை இப்படிப் போடுங்கள். போன தடவை கையிருப்பு 4, நீங்கள் கொடுத்தது 90, ஆக 94. அவர் வந்தது 88-ஆம் நாள். மிச்சம் 6 இருக்க வேண்டும். 14 இருந்தால் 80 தான் போட்டிருக்கிறார். 80/88 என்பது 91 சதவீதம். நமக்கு வேண்டியது 95-க்கு மேல். 30 நாளில் ஒன்று விட்டால் 96.7, இரண்டு விட்டாலே 93.3. மிச்சம் 6-க்குப் பதில் சுத்தமாக ஒன்றுமே இல்லை என்றாலும் கேளுங்கள். கூடுதலாகப் போட்டாரா, வீட்டில் மருந்து வாங்க வராத இன்னொருவரோடு பங்கிடுகிறாரா, திட்டுக்குப் பயந்து வரும் வழியில் கொட்டிவிட்டாரா? நாம் எவ்வளவுக்குத் திட்டுகிறோமோ அவ்வளவுக்கு எண்ணிக்கை "சரியாக" வரும். எனவே மையத்தில் சொல்லும் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மருந்துக்கட்டு

நான் பார்மசி பக்கம். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். ஜெலூசில், டைஜீன், சத்து மாத்திரை இதெல்லாம் அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை. பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அலுமினியம், மக்னீசியம் உள்ள அசிடிட்டி மருந்து டொலுடெகிராவிரை குடலிலேயே பிடித்துக்கொள்ளும். டி.எல்.டி. போட்டு 2 மணி நேரம் கழித்து அதைச் சாப்பிடலாம்; அதை முதலில் சாப்பிட்டுவிட்டால் டி.எல்.டி.க்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் தொந்தரவில்லை. இரும்புச் சத்து, கால்சியத்துக்கும் இதே இடைவெளிதான்; ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு, கால்சியம் வாங்கும் கர்ப்பிணிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் மூன்றையும் ஒரே கையில் போடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

டி.பி. மருந்து எடுக்கிறாரா என்று பாருங்கள். ரிஃபாம்பிசின் டொலுடெகிராவிர் அளவைக் குறைத்துவிடும். அதனால் டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்து டொலுடெகிராவிர் 50 மி.கி. தனியாக இன்னொன்று வேண்டும், ரிஃபாம்பிசின் முடிந்து 2 வாரம் வரைக்கும். டி.பி. மருந்து ஓரிடம், இது ஓரிடம் என்று வாங்குவதால் இந்த இரண்டாவது மாத்திரை நடுவில் விழுந்துவிடும். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமஸெபின் எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் என்றால் பிரச்சினை தலைகீழ்: டொலுடெகிராவிர் அதன் அளவை ஏற்றிவிடும், நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது.

லிங்க்சென்டர்

நேரத்தையும் பாருங்கள். முன்பு எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தலைசுற்றல், கனவு காரணமாக "ராத்திரி படுக்கும்போது போடு" என்று சொல்லியிருந்தோம். மருந்து மாறியும் பழக்கம் மாறவில்லை. டி.எல்.டி.யை எந்த நேரத்திலும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். சாயந்திரம் குடிக்கிறவர், நைட் ஷிஃப்ட் போகிறவர், தூக்கம் வரவில்லை என்கிறவர் எல்லாரையும் காலைக்கு மாற்றுங்கள். பல் விளக்கும் நேரத்தோடு கோத்துவிட்டால் அலாரமே வேண்டாம். நோன்பு இருப்பவர் சஹரிலோ இஃப்தாரிலோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும்.

குடிப்பவரிடம் "குடிக்காதே" என்று மட்டும் சொன்னால், குடித்த அன்று மாத்திரையை விட்டுவிடுவார். "குடிச்சிருந்தாலும் மாத்திரையை விடாதீங்க" என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குடியைக் குறைக்கும் பேச்சு தனியாக நடக்கட்டும்.

பெரிய தடை வீட்டுக்குள்ளேதான். மாமியாருக்குத் தெரியாது, ஒரே அறை, ஒரே அலமாரி, டப்பா குலுங்கினால் சத்தம். டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தால் சத்தம் போய்விடும். லேபிளைக் கிழிப்பதானால் காலாவதி தேதியை மூடியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப்போட வேண்டாம். பைக் பெட்டி, லாரி டேஷ்போர்டு இரண்டும் ஆகாது, வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். திருவிழா, சாவு வீடு என்று திடீரென்று கிளம்புகிறவர்கள் இரண்டு மூன்று மாத்திரையைப் பர்ஸில் தனியாக வைத்திருக்கட்டும். வேலைக்கு வெளியூர் போகிறவரிடம் கிளம்பும் முன்பே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஊர் மையத்தில் வாங்க ஏற்பாடு செய்துவிடலாம்.

இன்னொன்று: போன் பண்ணுவதற்கு முன்னால் எந்த நம்பர், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் நாம் யார் என்று சொல்வது, மூன்றையும் அவரிடமே கேட்டு எழுதிவையுங்கள். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி அவர் சம்மதமில்லாமல் பொதுவாக வீட்டாருக்குக்கூடச் சொல்ல முடியாது.

புதுக்கவுன்சலர்

நன்றி. இரண்டு சந்தேகம். ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன சொல்வது? இதெல்லாம் சரிசெய்த பிறகு வைரல் லோடு எப்போது மறுபடி எடுப்பது?

வைகைக்கரை

ஞாபகம் வந்ததும் போட்டுவிடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லை என்றால் மட்டும் விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று. மறந்ததுக்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.

அடுத்த சில மாதத்துக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுப்பதை நிறுத்தி, மாதாமாதம் வந்து வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தடையை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒழுங்காகப் போட ஆரம்பித்து 3 மாதம் ஆனதும் மறுபடி வைரல் லோடு. அப்போதும் 1000-க்கு மேல் என்றால் மருத்துவ அதிகாரி மூலம் மாநில நிபுணர் குழுவுக்கு அனுப்புவார்கள். மருந்தை மாற்றுவது அவர்கள் முடிவு.

மருந்துக்கட்டு

அவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டி.எல்.டி.யில் இருக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைக்கின்றன. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலையில் கொண்டு விடும்.