மகாமகக் குளக்கரையில் சென்சார் கணக்கு எடுபடுமா?

அரிசிலாறு: 2028 மகாமகத்துக்கு இப்போதே பேசியாக வேண்டும். 1992 நெரிசலை கும்பகோணம் மறக்கவில்லை. குளத்தைச் சுற்றி வைஃபை ஸ்கேனர் வைத்து, கைபேசிகள் விடும் சிக்னலை எண்ணினாலே கூட்டம் தெரிந்துவிடும். செலவும் கம்மி, சில நூறு ரூபாய் போர்டு போதும்.

நாச்சியார்கோயில்: அது பழைய கதைண்ணே. 2014லேர்ந்து ஐபோன், பின்னாலயே ஆண்ட்ராய்டு, ரெண்டும் வைஃபை தேடும்போது போலி மேக் முகவரியத்தான் (போனோட அடையாள எண்) காட்டுது. அதையும் மாத்திக்கிட்டே இருக்கும், ஒரே போன் பத்து ஆளா விழும். முங்கப் போறவங்க போனோடயா இறங்குறாங்க? வீட்டுல உள்ள ஆறு போனும் கரையில பாட்டி மடியில மஞ்சப்பைக்குள்ள கிடக்கும்.

குடமுருட்டி: போனை விடுங்கள், தலையை எண்ணுங்கள். வாசலுக்கு மேலே, தூரம் அளக்கும் வி.எல்.53எல்1எக்ஸ் லேசர் சென்சார். பார்வைக் கோணம் மூலைக்கு மூலை 27 டிகிரிதான். 3 மீட்டர் உயரத்தில் மாட்டினால் தலை மட்டத்தில் சுமார் 45 செ.மீ. அகலம் பிடிக்கும். 3 மீட்டர் பாதைக்கு 7 தேவை. பார்வையை முன், பின் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால், எந்தப் பாதி முதலில் மறைகிறதோ அதை வைத்து உள்ளேயா வெளியேயா என்று தெரியும். நேர் வெயில் மட்டும் ஆகாது, எட்டும் தூரம் சுருங்கிவிடும். கீற்றுப் பந்தலுக்கு அடியில் மாட்டுங்கள். தோளில் ஏறிய குழந்தை கணக்கில் வராது, அது போகட்டும்.

அரிசிலாறு: வெயில்தான் தொல்லை என்றால் வெப்ப சென்சார்? ஏ.எம்.ஜி.8833?

குடமுருட்டி: 8க்கு 8, மொத்தம் 64 புள்ளி. மாசிக் காலையில் உள்ளே போகும் தலை பளிச்சென்று தெரியும். முங்கி எழுந்து வரும் ஈரத்தலை குளிர்ந்திருக்கும், பாதி தெரியாது. உள்ளே போனவர் எண்ணிக்கை சரி, வெளியே வந்தவர் குறைவு. மதியத்துக்குள் குளம் நிரம்பி வழிவதாகத் திரை சொல்லும், படியோ காலியாக இருக்கும்.

நாச்சியார்கோயில்: வாசல் கணக்கே வீண்ங்கிறேன். மொத்தம் எத்தனை பேருங்கிறதா ஆளைக் கொல்லுது? ஒரு மூலைப் படியில சதுர மீட்டருக்கு 4 பேர் தாண்டினா நினைச்ச பக்கம் நடக்க முடியாது. 6ஐ நெருங்கினா கூட்டமே ஆளைத் தள்ளும். படியில 2க்கு 2 மீட்டர் சுண்ணாம்புக் கட்டம் போடுங்க. மண்டபத்து மேல ஒரு ஆள். கட்டத்துல 12 தலை வந்ததும் தெருமுனைச் சவுக்குத் தடுப்பை மூடணும். 16க்குக் காத்திருந்தா, தெருவுல நிக்கிற கூட்டம் அதுக்குள்ள வந்து சேர்ந்துடும்.

குடமுருட்டி: 12ல் மூடுவது சரி, ஒத்துக்கொள்கிறேன். சுண்ணாம்பு நிற்காது தம்பி. ஈரக்காலில் கரையும், மிச்சத்தைக் கூட்டம் மறைக்கும். கேமரா வைத்து, திரையில் வரும் படத்தின் மேல் கட்டத்தை வரையுங்கள். சவுக்குக் கம்பத்தில் கட்டாதீர்கள். கம்பம் சாய்ந்தால் கட்டமும் நகரும். எதிர் மாடிச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

நாச்சியார்கோயில்: சரி. தடுப்பை மூடச் சொல்ற ஆளுக்கு வயர்லெஸ் செட் குடுங்க. அந்தக் கூட்டத்துல செல்போன் எடுக்காது.